ஆறு முனை இருக்கா? பெல்ட் கிரைண்டருக்குள் இத்தனை அதிசயம், தெரியுமா?

"கிரைண்டர் வாங்கப்போறேன்" என்று நம் ஊர் வீட்டில் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். "எத்தனை லிட்டர்? டேபிள் டாப்பா, டில்டிங்கா?" என்றுதான் எதிர்க்கேள்வி வரும். எனக்கும் வந்தது. "மாவாட்ட இல்லம்மா, இரும்பு தேய்க்க" என்றேன். அம்மா பார்த்த பார்வையின் சூட்டில் நல்ல எஃகுகூடப் பதம் இழந்திருக்கும்!

இரும்பு தேய்க்கும் பெல்ட் கிரைண்டர் ரொம்ப எளிய சாமான். ஒரு மோட்டார், இரண்டோ மூன்றோ சக்கரங்கள், அவற்றைச் சுற்றி ஓடும் உப்புத்தாள் வளையம். தீர்ந்தது. அருவாமனைக்கு முனை பிடிக்கலாம், உளி தீட்டலாம், வெல்டிங் பிசிறு எடுக்கலாம், ஆர்வம் முற்றினால் கத்தியே செய்யலாம். தெருவில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பெடலை மிதித்துக்கொண்டே சாணை பிடித்துக் கொடுப்பாரே ஒருவர், அவர் வண்டியின் பெரியப்பா பையன்தான் இது. மனிதர் ஒருவர் நின்று நிதானமாக மிதித்தால் கிடைக்கும் சக்தி சுமார் 75 வாட். ஒரு குதிரைத் திறன் என்பது 746 வாட். அதாவது, நம் சாணைக்காரர் காலம் காலமாக ஏறத்தாழ பத்தில் ஒரு எச்.பி.யில் தொழில் செய்திருக்கிறார்! நாமோ 2 எச்.பி. இல்லாமல் முடியாது என்று அடம்பிடிக்கிறோம்.

வாருங்கள், பறக்கிற பொறியில் ஆரம்பித்து, சுவரில் இருக்கும் பிளக் வரை பின்னோக்கி ஒரு நடை போய்வருவோம். மூச்சை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தீப்பொறி எங்கிருந்து வருகிறது, தெரியுமா?

உப்புத்தாளிலிருந்து இல்லை. எஃகே எரிகிறது! பெல்ட்டில் இருக்கும் ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி உளி. அது சீவித் தள்ளும் இரும்புத் துணுக்கு சூடேறி, காற்றில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு எரிகிறது. தீபாவளிக்குக் கொளுத்துகிறோமே கம்பி மத்தாப்பு, அதில் பூப்பூவாகப் பறப்பதும் இரும்புத்தூளேதான். அதைவிட ஆச்சரியம், பொறியைப் பார்த்தே எஃகின் ஜாதகத்தைச் சொல்லிவிடலாம். கார்பன் குறைந்த சாதா இரும்பு என்றால் பொறி நீளக் கோடாக ஓடி அடங்கிவிடும். கார்பன் கூடக் கூட ஒவ்வொரு கோடும் நுனியில் வெடித்துக் கிளைவிடும். லாரிப் பட்டையைப் பெல்ட்டில் வைத்துப் பாருங்கள், மத்தாப்பு மாதிரி பூக்கும். ஊர்ப்புறப் பட்டறைகளில் அரிவாளுக்கு ஏன் லாரிப் பட்டையைத் தேடுகிறார்கள் என்பதற்கு அந்தப் பூவே பதில்.

இன்னொரு திடுக்கிடும் சேதி. அலுமினியம் பொறியே விடாது. ரொம்ப சாதுவாகத் தேயும். ஆனால் அலுமினியத் தூளும் துருப்பிடித்த இரும்புத் தூளும் ஒரே டப்பாவில் சேர்ந்தால் அது என்ன தெரியுமா? தெர்மிட்! 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டி எரியும் கலவை. ரயில் தண்டவாளங்களை உருக்கி ஒட்ட வைப்பது இதைக் கொண்டுதான். காலையில் அலுமினியம், மாலையில் இரும்பு, தூள் எல்லாம் அடியில் ஒரே வாளியில் என்று வைத்துக்கொண்டால், வீட்டுப் பட்டறையில் ரயில்வே வேலை நடந்துவிடும். மரத்தூளும் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். இரும்பைத் தேய்க்கும் முன் கீழே கிடக்கும் மரத்தூளைப் பெருக்கிவிடுங்கள். இரும்பு தேய்க்கும்போது பெல்ட்டுக்குக் கீழே ஒரு வாளித் தண்ணீர் வைத்தால் பொறியும் அடங்கும், தூளும் படியும்.

தூள் என்றதும் நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் 19-ஆம் நூற்றாண்டில் உலகத்துக்கே கத்தியும் முள்கரண்டியும் செய்து அனுப்பியது. அங்கே உலர்ந்த மணற்கல்லில் முள்கரண்டி தீட்டியவர்களில் பலர் நாற்பது வயதைப் பார்க்கவில்லை. கல் தூள் நுரையீரலைத் தின்றுவிட்டது. பிரான்சின் தியேர் ஊரில் கதை வேறு மாதிரி. அங்கே ஆற்று நீரில் சுழலும் கல்லுக்கு மேலே பலகை போட்டு, அதில் குப்புறப் படுத்துக்கொண்டே கத்தி தீட்டினார்கள். குளிருக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? கால் மேல் நாயைப் படுக்க வைத்துக்கொண்டார்கள்! உயிருள்ள ஹீட்டர்! நமக்கு நாய் வேண்டாம். ஆனால் கண்ணாடியும், குறைந்தபட்சம் ஒரு என்-95 மாஸ்க்கும் இல்லாமல் சுவிட்சைத் தொடக் கூடாது. கொரோனா காலத்தில் வாங்கியது எங்காவது அலமாரியில் கிடக்கும், தேடுங்கள்.

இப்போது பெல்ட்டுக்கு வருவோம். இங்கேதான் எனக்குப் புல்லரித்தது.

பெல்ட்டில் ஒட்டியிருக்கும் துகள் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. இயற்கையில் அது படிகமாகக் கிடைத்தால் ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் கொரண்டம். அந்தச் சொல் எங்கிருந்து போனது தெரியுமா? நம்மிடமிருந்து! குருந்தம் என்ற தமிழ்ச் சொல்தான் கப்பலேறிப் போய்க் கொரண்டம் ஆனது. வடமொழியில் குருவிந்தம். நம் ஊரில் குருந்தக் கல்லைப் பொடித்து, அரக்கில் குழைத்து, சாணைச் சக்கரம் செய்து கல் தீட்டினார்கள், வாள் தீட்டினார்கள். 1798-ல் சார்லஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர் இந்தக் கல்லைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழிலேயே எழுதினார். மாணிக்கமும் நீலமும்கூடக் குருந்தம்தான்! கொஞ்சம் குரோமியம் கலந்தால் சிவப்பு, மாணிக்கம். இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நீலம். அலுமினியம் ஆக்சைடை மின் உலையில் உருக்கிப் பொடித்துத் துணியில் ஒட்டினால் உங்கள் பெல்ட். ஆக, நீங்கள் அருவாமனை தீட்டுவது நவரத்தினத்தில் இரண்டின் உடன்பிறப்பைக் கொண்டு!

நில்லுங்கள், கதை முடியவில்லை.

1891-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வர்ட் அச்சேசன் என்பவர் செயற்கை வைரம் செய்யப் புறப்பட்டார். களிமண்ணையும் கரித்தூளையும் ஒரு இரும்புச் சட்டியில் போட்டு மின்சாரம் பாய்ச்சினார். வைரம் வரவில்லை. மினுமினுவென்று கருநீலப் படிகங்கள் வந்தன. கார்பனும் கொரண்டமும் சேர்ந்த ஏதோ ஒன்று என்று நினைத்து அதற்குக் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். நினைத்தது தப்பு. அது சிலிக்கன் கார்பைடு, அதில் கொரண்டமே இல்லை. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. பிறகு 1954-ல் சென்னையில் முருகப்பா குழுமம், அந்த அமெரிக்க கார்போரண்டம் கம்பெனி, ஓர் இங்கிலாந்துக் கம்பெனி மூவரும் சேர்ந்து தொடங்கியதுதான் கார்போரண்டம் யுனிவர்சல். தமிழ்நாட்டிலிருந்து போன குருந்தம், அமெரிக்கா வரை போய், வாலில் கார்பனைக் கட்டிக்கொண்டு, சென்னையில் ஒரு கம்பெனிப் பலகையில் வந்து உட்கார்ந்துவிட்டது. எந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு ரிட்டர்ன் டிக்கெட் கிடைத்திருக்கிறது, சொல்லுங்கள்!

இன்னும் ஒரு கதை பாக்கி. 1902-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஐந்து பேர் கூட்டுச் சேர்ந்து ஒரு சுரங்கக் கம்பெனி ஆரம்பித்தார்கள். குருந்தம் தோண்டிச் சாணைக் கம்பெனிகளுக்கு விற்பது திட்டம். தோண்டிய பிறகுதான் தெரிந்தது, கிடைத்தது குருந்தமே இல்லை. அனார்தோசைட் என்ற, சாணைக்கு உதவாத பாறை. வேறு வழியில்லாமல் துகளை வெளியிலிருந்து வாங்கி உப்புத்தாள் செய்யத் தொடங்கினார்கள். அந்தக் கம்பெனிதான் இன்றைய 3 எம். மின்னசோட்டா, மைனிங், மேனுஃபாக்சரிங் என்ற மூன்று எம்! பின்னால் பெல்ட்டுகளின் தலையெழுத்தையே மாற்றிய செராமிக் துகளை 1981-ல் கொண்டுவந்ததும் அவர்களே.

இதில் வேடிக்கை என்னவென்றால், அனார்தோசைட்டும் குருந்தமும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் உலகத்தில் உண்டு. எங்கே? நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில்! அந்த ஐவரும் இங்கே வந்து தோண்டியிருக்கலாம். அவர்கள் வரவில்லை, இஸ்ரோ வந்தது. நிலவின் மேட்டுப்பகுதி மண்ணும் அனார்தோசைட் வகை என்பதால், சந்திரயான்-2 தரையிறங்குவதைச் சோதித்துப் பார்க்கச் சித்தம்பூண்டிப் பாறையைப் பொடித்து நிலவு மண் தயாரித்தார்கள். உப்புத்தாளைத் தேடிப் போனால் நிலாவில் போய் நிற்கிறோம்.

சரி, கீழே இறங்குவோம். எந்த பெல்ட் வாங்குவது?

கடையில் போய் "எத்தனை எச்.பி.?" என்று கேட்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தப்பு. நானும் செய்தேன். கேட்க வேண்டியது பெல்ட்டின் நீளம். சின்ன மெஷின்களில் பெல்ட் 1 இன்ச் அகலம், 30 இன்ச் நீளம். கத்தி செய்கிறவர்கள் உலகெங்கும் கொண்டாடுவது 2 இன்ச் அகலம், 72 இன்ச் நீளம். பார்த்தால் இரண்டு மடங்கு வித்தியாசம் போலத் தெரியும். பெருக்கிப் பாருங்கள். ஒன்றில் 30 சதுர இன்ச் உப்புத்தாள், மற்றதில் 144. ஏறக்குறைய ஐந்து மடங்கு!

நீளத்தில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. 100 மில்லிமீட்டர் சக்கரத்தை 2,880 ஆர்.பி.எம். மோட்டாரில் மாட்டினால் பெல்ட் விநாடிக்கு 15 மீட்டர் ஓடும். மணிக்கு 54 கிலோமீட்டர். ஒரு மணி நேரம் விடாமல் தேய்த்தால் ஒவ்வொரு துகளும் சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை போகிற தூரம் ஓடியிருக்கும்! அந்த வேகத்தில் சின்ன பெல்ட்டில் இருக்கும் ஒரு துகள் விநாடிக்கு 20 தடவை உங்கள் கத்தியை வந்து இடிக்கும். பெரிய பெல்ட்டில் 8 தடவைதான். மிச்ச நேரம் காற்றில் ஆறிக்கொண்டு வரும். அதனால் நீளமான பெல்ட் குளிர்ச்சியாக வெட்டும், நாள்படவும் உழைக்கும். கத்தி முனை சூடாவது சின்ன விஷயமில்லை. பதம் வைத்த எஃகு 220 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறமாகும், 300-ஐ நெருங்கும்போது நீலமாகும். சாதாரணக் கத்தி எஃகில் முனை நீலமாகிவிட்டதென்றால் அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது, திரும்ப வராது. பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு நனைத்து நனைத்துத் தேய்ப்பது இதற்காகத்தான்.

வீட்டுக் கத்தி, கத்தரி, உளி தீட்டுவது மட்டும்தான் வேலை என்றால் 1 இன்ச், 30 இன்ச் மெஷின் போதும். பரணில் வைத்துவிடலாம். அருவாள், கத்தி செய்கிற ஆசை வந்துவிட்டது என்றால் நேராக 72 இன்ச்சுக்குப் போய்விடுங்கள். நடுவில் ஒன்று வாங்கி, அதை விற்று, மறுபடி வாங்குவது வெட்டிச் செலவு. பெருநகரங்களில் பெல்ட் ரோலிலிருந்து கேட்ட நீளத்துக்கு வெட்டி ஒட்டிக் கொடுக்கும் கடைகள் உண்டு. ஆனால் ஒட்டு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று முதுகில் அம்புக்குறி போட்டிருந்தால் அதை மதியுங்கள். திருப்பி மாட்டினால் ஒட்டு பிரிந்து முகத்தில் அறையும்.

பி 40, பி 120, பி 400 என்று பெல்ட் முதுகில் எண் இருக்குமே, எண் கூடினால் துகள் சிறுக்கும். பி 60-ல் துகள் கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பி 120-ல் அதில் பாதி. பி 400-ல் வெறும் 35 மைக்ரான். தலைமுடியைவிடச் சன்னம்!

செராமிக் பெல்ட்டுக்கு ஒரு விசித்திரக் குணம் இருக்கிறது. அதை எவ்வளவு மிருதுவாக நடத்துகிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் கெடும்! அதன் துகள்கள் அழுத்தத்தில் நுணுக்கமாக உடைந்து, உடைந்த இடத்தில் புதுக் கூர்முனை காட்டும் வகை. வேகமும் அழுத்தமும் கொடுத்தால்தான் உடையும். சோனி மோட்டாரில் மாட்டி மெல்லத் தடவினால் துகள் மழுங்கிக் கண்ணாடி மாதிரி வழவழத்துப் போகும். விலை உயர்ந்த பெல்ட் வாங்கிவிட்டு, "மட்ட பெல்ட்டுங்க, வெட்டவே மாட்டேங்குது" என்று திட்டுகிறவர்கள் அனேகமாக மோட்டாரைத்தான் திட்டியிருக்க வேண்டும்.

பெல்ட் ஏன் சக்கரத்தை விட்டு நழுவி விழாமல் ஓடுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? சக்கர ஓரத்தில் வரம்பு கட்டியிருக்கும் என்றுதான் நினைப்போம். இல்லவே இல்லை! சக்கரத்தின் நடுப்பகுதியை ஒரு மயிரிழை உப்பலாகக் கடைந்திருப்பார்கள், அவ்வளவுதான். உப்பலான இடத்திலிருந்து சறுக்கித்தானே விழ வேண்டும்? பெல்ட் தலைகீழாக நடந்துகொள்ளும். மேட்டைத் தேடி ஏறி, உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும். லேத் பட்டறையில் தட்டையாகக் கடைந்து கொடுத்துவிட்டால் பெல்ட் ஓடிப்போய்விடும். அதைத் திரும்ப வரவழைக்க எந்தச் சமாதானமும் எடுபடாது. மேல் சக்கரத்தை ஒரு திருகால் லேசாகச் சாய்த்தால் பெல்ட் இடமோ வலமோ நகரும். சாய்மானம் அரை டிகிரி தப்பினாலும் விரல் பத்திரம்.

நுணுக்கமான வளைவுகளைத் தேய்க்க 10 மில்லிமீட்டர் குட்டிச் சக்கரம் மாட்டுவார்கள். மோட்டார் சக்கரம் 100 மில்லிமீட்டர், 2,880 சுற்று. அப்படியானால் குட்டிச் சக்கரம் நிமிடத்துக்கு எத்தனை சுற்று? 28,800! அதன் குட்டி பேரிங் சூடாகாமல் என்ன செய்யும்? அதில் தேய்க்கும்போது வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

கத்தியைச் சமமாகத் தேய்க்க பெல்ட்டுக்குப் பின்னால் ஒரு தட்டைப் பலகை இருக்கும். வெறும் இரும்புப் பலகை என்றால் பெல்ட்டின் முதுகே அதைத் தேய்த்துப் பள்ளமாக்கிவிடும். அதனால் அதன்மேல் கண்ணாடிச் செராமிக் தகடு ஒட்டுவார்கள். அந்தப் பொருள் பிறந்த கதை சினிமாவுக்கே போதும். 1953-ல் அமெரிக்காவின் கார்னிங் கம்பெனியில் டொனால்ட் ஸ்டூக்கி ஒரு கண்ணாடித் துண்டை உலையில் வைத்தார். 600 டிகிரிக்கு வைத்த உலை கோளாறாகி 900-க்கு ஏறிவிட்டது. கண்ணாடி உருகி உலையே பாழ் என்று பதறிக் கதவைத் திறந்தால், துண்டு பால் வெள்ளையாக, முழுசாக இருக்கிறது! இடுக்கியால் எடுக்கும்போது நழுவித் தரையில் விழுந்தது. உடையவில்லை! கோளாறான உலைக்கு ஒரு கோயில் கட்டியிருக்கலாம்.

சக்கரம் வரை வந்துவிட்டோம். இனி மோட்டார். இங்கே கொஞ்சம் நிதானமாக உட்கார்ந்து பேச வேண்டும், காசு போகிற இடம் இதுதான்.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு அளவுகளை அப்படியே குறித்துக்கொள்கிறோம். அங்கே மின்சாரம் விநாடிக்கு 60 முறை துடிக்கிறது, இங்கே 50. அதனால் அவர்களுடைய 3,450 ஆர்.பி.எம். மோட்டார் இங்கே 2,880 வாக்கில்தான் சுற்றும். அதே சக்கரம், அதே மோட்டார் வகை, ஆனால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைவு. ஈடுகட்ட சக்கரத்தைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். 125 மில்லிமீட்டர் சக்கரம் போட்டால் விநாடிக்கு 19 மீட்டர் வந்துவிடும்.

இணையத்தில் அமெரிக்க அளவு சக்கரம் வாங்கியவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கும், ஷாஃப்ட்டில் ஏறாது! அங்கே 56 ஃபிரேம் மோட்டாரின் ஷாஃப்ட் 5/8 இன்ச், சுமார் 15.9 மில்லிமீட்டர். இங்கே 80 ஃபிரேமுக்கு 19 மில்லிமீட்டர், 90 ஃபிரேமுக்கு 24. ஆமாம், இந்த 80, 90 என்ன எண் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? மோட்டாரைத் தரையில் வைத்தால் ஷாஃப்ட்டின் நடு மையம் எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் எண்! அளவு டேப் போதும். அமெரிக்கர்களின் 56-ஐயும் 16-ஆல் வகுத்துப் பாருங்கள், மூன்றரை இன்ச், அதே உயரம்தான். ரகசியக் குறியீடு என்று இத்தனை நாள் நினைத்தது வெறும் உயரம்.

2,880 ஏன்? முழுசாக 3,000 சுற்றக் கூடாதா? கூடாது! மோட்டாருக்குள் காந்தப்புலம் 3,000 சுற்றுகிறது. ரோட்டர் அதைத் துரத்துகிறது. துரத்திக்கொண்டே இருக்கும் வரைதான் அதில் மின்சாரம் தூண்டப்படும், இழுவை இருக்கும். எட்டிப் பிடித்துவிட்டால் அந்தக் கணமே இழுவை பூச்சியம். 1885-ல் இத்தாலியின் கலிலியோ ஃபெராரிஸ் சுழலும் காந்தப்புலத்தைச் செய்து காட்டினார், 1888-ல் டெஸ்லா காப்புரிமை வாங்கினார், 1889-ல் ஜெர்மனியில் டோலிவோ டோப்ரோவோல்ஸ்கி இன்றைய த்ரீ பேஸ் மோட்டாரின் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். 1937-ல் கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தார்கள். அந்தக் கோவைதான் பிறகு வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கியது. அம்மாவின் கேள்வியில் தப்பே இல்லை.

சிங்கிள் பேஸ் மோட்டாரா, த்ரீ பேஸா?

கண்டென்சர் போன சீலிங் ஃபேன் நினைவிருக்கிறதா? சுவிட்சைப் போட்டால் உறுமும், சுற்றாது. குச்சியால் ஒரு தள்ளுத் தள்ளினால் ஓட ஆரம்பிக்கும். சிங்கிள் பேஸின் பிறவிக் குணமே அதுதான், யாராவது ஒரு பக்கம் தள்ளிவிட வேண்டும். த்ரீ பேஸுக்கு அந்தத் தயவு தேவையில்லை. சிங்கிள் பேஸில் சிக்கனமான வழி, மூன்று படி ஸ்டெப் புல்லி போட்டு, புல்லி பெல்ட்டைப் படிக்குப் படி மாற்றி வேகம் எடுப்பது. நல்ல வழிதான், அழுக்கு வேலை. சொகுசு வேண்டுமென்றால் த்ரீ பேஸ் மோட்டாரும், கடைக்காரர்கள் 'டிரைவ்' என்று சொல்லும் வி.எஃப்.டி.யும்.

இந்த டிரைவ் செய்வது ஒரு மாயாஜாலம். வீட்டு பிளக்கிலிருந்து 230 வோல்ட் சிங்கிள் பேஸ் வாங்கி, அதை 325 வோல்ட் நேர்மின்சாரமாக்கி, விநாடிக்கு ஆயிரக்கணக்கான துண்டுகளாக நறுக்கி, மூன்று பேஸாகத் திரும்பக் கட்டிக் கொடுக்கிறது. குமிழைத் திருகினால் 50 துடிப்பு 20 ஆகும், பெல்ட் நடந்து போகும். மரத்துக்கும் பதம் வைத்த கத்திக்கும் இந்த நடைதான் வேண்டும். ரொம்ப நேரம் மெதுவாக ஓட்டினால் மோட்டாரின் பின்பக்க விசிறியும் மெதுவாகச் சுற்றும், சூடு ஏறும், தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புத்தூள் மின்சாரம் கடத்தும், திறந்த டிரைவுக்குள் புகுந்தால் ஒரே வெடி. தூள் புகாத பெட்டிக்குள் வைக்க வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே சில நிமிடங்கள் 300 வோல்ட்டுக்கு மேல் உயிரோடு இருக்கும், உடனே மூடியைத் திறக்காதீர்கள். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் சுவிட்ச் போடாதீர்கள். சிங்கிள் பேஸ் கண்டென்சர் மோட்டாரை இதில் மாட்டவே மாட்டாதீர்கள்.

இப்போது என் கதை. காயலான் கடையில் 2 எச்.பி. த்ரீ பேஸ் மோட்டார் ஒன்று சல்லிசாகக் கிடைத்தது. புது டிரைவ் வாங்கி மாட்டினேன். சுற்றியது. ஆகா என்று கத்தியை வைத்தேன், நின்றுவிட்டது! லேசாகத் தொட்டாலே நின்றது. டிரைவ் விற்றவரைச் சந்தேகப்பட்டேன், மோட்டார் விற்றவரை மனதுக்குள் திட்டினேன். கடைசியில் மோட்டார் வைண்டிங் செய்யும் அண்ணன் ஒருவர் டெர்மினல் பாக்ஸைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது ஸ்டார்ல இருக்கு. 415 கேக்குது, நீங்க 230 குடுக்கறீங்க. டெல்டாவுக்கு மாத்தணும்."

விஷயம் இதுதான். நம் ஊர் சிறிய த்ரீ பேஸ் மோட்டார்களில் மூன்று காயில்கள் பெரும்பாலும் ஸ்டாரில், அதாவது ஒவ்வொன்றின் ஒரு முனையும் ஒரே முடிச்சில் சேரும்படி கட்டப்பட்டு 415 வோல்ட்டுக்குத் தயாராக இருக்கும். 415-ஐ மூன்றின் வர்க்கமூலமான 1.732-ஆல் வகுங்கள். 240! அதாவது ஒவ்வொரு காயிலும் வாங்குவது 240 வோல்ட்தான். அதே காயில்களை டெல்டாவில், அதாவது முக்கோணமாகக் கட்டினால் நம் டிரைவ் கொடுக்கும் 230 அப்படியே பொருந்திவிடும். நான் ஸ்டாரிலேயே 230 கொடுத்ததால் ஒவ்வொரு காயிலுக்கும் கிடைத்தது 133 வோல்ட். முறுக்கு விசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே எனக்குக் கிடைத்த இழுவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 2 எச்.பி.க்குக் காசு கொடுத்துவிட்டு, சாணைக்கார அண்ணாச்சியின் சைக்கிளோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தேன்!

பெட்டிக்குள் ஆறு முனைகள் வெளியே வந்திருந்தால் மூன்று சின்னத் தகடுகளை மாற்றிப் போட்டு அஞ்சே நிமிடத்தில் டெல்டா ஆக்கிவிடலாம். மூன்றே முனைகள் என்றால் ஸ்டார் முடிச்சு உள்ளே புதைந்திருக்கும். வைண்டிங்கைப் பிரித்துத் தேடி எடுக்க வேண்டும்.

அந்த வர்க்கக் கணக்கு டிரைவ் இல்லாத சிங்கிள் பேஸ் மோட்டாரையும் விடாது. சாயந்திரம் லோ வோல்டேஜ் வந்து 230, 200 ஆனால் குறைந்தது 13 சதவீதம்தானே என்று தோன்றும். இழுவையில் ஏறக்குறைய கால் பங்கு போயிருக்கும்! மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டினாலும் இதே நஷ்டம். 2 எச்.பி. மெஷினுக்கு 16 ஆம்ப் பிளக், தனி லைன், நல்ல எர்த். டிவிக்குப் பக்கத்து 6 ஆம்ப் பிளக்கில் சொருகுகிற எண்ணமே வேண்டாம்.

எச்.பி. எவ்வளவு என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். பெல்ட் அகலத்தில் இன்ச்சுக்கு ஒரு எச்.பி. என்பது கத்திக்காரர்களின் கணக்கு. 2 இன்ச் பெல்ட்டுக்கு 2 எச்.பி., அதாவது ஒன்றரைக் கிலோவாட். 1 இன்ச் குட்டி மெஷினுக்கு அரை எச்.பி. இருந்தாலே வீட்டு வேலைக்குப் போதும். தூள் புகாத, முழுக்க மூடிய மோட்டாராக இருக்க வேண்டும். துணி காயப் போடும் பழைய டிரெட்மில்லிலிருந்து மோட்டாரை உருவலாமா என்று கேட்பார்கள். உருவலாம், ஆனால் அதன் மேல் எழுதியிருக்கும் எச்.பி. பெரும்பாலும் ஒரு கணம் எட்டும் உச்சக்கணக்கு, தவிர அது திறந்த மோட்டார், இரும்புத்தூளை விழுங்கும். ஆங்கிள் கிரைண்டரில் மாட்டும் பெல்ட் சாமானும் அப்படியே. 850 வாட் என்பது அது பிளக்கிலிருந்து இழுப்பது, பெல்ட்டுக்குக் கொடுப்பது இல்லை. பெரிய மோட்டாரின் தகட்டில் இருக்கும் எச்.பி. மட்டும்தான் ஷாஃப்ட்டில் கிடைக்கும் அளவு.

மறக்கக் கூடாத ஒரு எச்சரிக்கை: வேட்டி, துப்பட்டா, தொங்கும் கயிறு, துணிக் கையுறை எதுவும் ஓடும் பெல்ட்டின் பக்கம் போகக் கூடாது.

அடுத்த முறை காயலான் கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு ஸ்குரூ டிரைவர் போட்டுக்கொள்ளுங்கள். விலை பேசும் முன் டெர்மினல் பாக்ஸ் மூடியைக் கழற்றி முனைகளை எண்ணுங்கள். மூன்று என்றால் வைண்டிங் கடைக் கூலியைக் கழித்துக்கொண்டு விலை கேளுங்கள். ஆறு என்றால், தகட்டில் 240 டெல்டா, 415 ஸ்டார் என்றும் இருந்தால், பேரத்தை முடித்துத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.